களிமண்ணில் மறைந்த உலோகம்

ஏழையின் அடுப்பில் கரியேறிக் கிடக்கும் அலுமினியப் பாத்திரத்தை நேயர்கள் அறிவார்கள். 1884-ம் வருஷத்தில், வாஷிங்டன் ஞாபகஸ்தம்பத்தின் உச்சிக்கென வார்த்த நூறு அவுன்ஸ் அலுமினியக் கூம்பை நியூயார்க்கில் ஒரு நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள். அத்தனை அருமை அதற்கு! பூமியின் மேலோட்டிலோ நூற்றுக்கு எட்டுப் பங்கு இவ்வுலோகமே; களிமண்ணிலெல்லாம் உண்டு. ஆயினும் பிராணவாயுவின் பிடியினின்று அதை மலிவாக மீட்கும் வித்தையை அதுவரை யாரும் கண்டாரில்லை.

அதைக் கண்ட சார்லஸ் மார்ட்டின் ஹால், 1863-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் குமாரராகப் பிறந்தவர். ஓபர்லின் கலாசாலையில் ஜூவெட் என்னும் ரஸாயன ஆசிரியரிடம் பயின்று 1885-ல் பட்டம் பெற்றதும், வீட்டு விறகுக் கொட்டகையில் தாமே செய்த மின்கலங்களுடன் வேலையில் இறங்கினார். அலுமினா தனியே உருக 2,000 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். கிரீன்லாந்தில் கிடைத்த கிரையோலைட் என்னும் கல்லை உருக்கினாலோ, சுமார் 1,000 டிகிரியிலேயே அலுமினா அதில் கரைந்துவிடுகிறது. அக்குழம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். மண் மூசை கரைந்து உலோகத்தைக் கெடுக்கவே, அதன் உட்புறத்துக்குக் கரியால் கவசமிட்டார். 1886 பிப்ரவரி 23-ந் தேதி அடியில் வெண்மணிகள் திரண்டிருந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அதே வருஷம் பிரான்ஸில் ஹெரூல் என்ற வாலிபரும் இம்முறையைத் தாமாகவே கண்டு ஏப்ரலில் பேடன்ட் கோரினார். ஹால் கோரியது ஜூலையில். சட்டம் பயின்ற நமக்கு இவ்விடம் சுவை மிக்கது. விண்ணப்பத் தேதியைவிடக் கண்டுபிடித்த தேதியையே அக்கால அமெரிக்கச் சட்டம் பெரிதாகக் கொண்டது. அத்தேதியை ஸ்தாபிக்க உதவியவை ஹாலின் கடிதங்களும், அதே கலாசாலையில் ரஸாயனம் கற்ற அவர் தமக்கை ஜூலியாவின் சாட்சியமுமாம். பேடன்டில் அவ்வம்மையாரின் பெயர் இல்லை. சரித்திரக்காரரும் அவரை நெடுங்காலம் மறந்தது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

பணமுதலாளிகள் எளிதில் மசியவில்லை. கௌல்ஸ் கம்பெனியார் ஓராண்டு பரீட்சித்துக் கைவிட்டனர். 1888-ல் பிட்ஸ்பர்க்கில் ஹன்ட் முதலியோர் கைகொடுத்தனர். கைவிட்டவர்களே பின்னர் அம்முறையைக் கையாள, வழக்கு மூண்டது. பிற்காலத்தில் ஜனாதிபதியான நீதிபதி டாப்ட் 1893-ல் ஹாலின் கம்பெனிக்கே தீர்ப்பளித்தார். டாலர் கணக்கில் விற்ற ராத்தல் சென்ட் கணக்குக்கு இறங்கிற்று.

இன்றளவும் கனிமத்திலிருந்து அலுமினியம் இம்முறையிலேயே எடுக்கப்படுகிறது. ஹால் மணம் புரியவில்லை. சொத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கே எழுதிவைத்தார். அதில் ஒரு பங்கு ஆசியா முதலிய தேசங்களின் கல்விக்கு உரியது. 1911-ல் அவர் பெர்கின் பதக்கம் பெற்றபோது, அவ்வைபவத்துக்கு ஹெரூல் கடல் கடந்து வந்திருந்தார். 1914 மே மாதம் ஹெரூலும், டிசம்பரில் ஹாலும் காலமாயினர்.