ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார்

ஒரு கலையைப் பயிலப் புகுவார்க்குப் பெருந்தடையாய் நிற்பது கருவியின்மை மட்டும் அன்று; கருவி கைக்கு வந்தபின் உள்ளத்தே தோன்றும் அச்சமும் ஆகும். இந்நாளில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவை முதன்முறையாகப் பெற்ற நண்பர் சிலர், அதன் பொத்தான்களையும் எண்களையும் கண்டு மலைத்து, முறைகள் யாவும் கற்றபின் படம் எடுப்போம் எனக் கருதி, அதனைப் பெட்டியினின்றும் எடாமலே வைத்திருத்தலை யாம் கண்டிருக்கின்றோம். பிழைபடுமோ என்னும் அச்சம் எம்மையும் விட்டதன்று. அத்தகையோர்க்குத் துணையாக, நாற்பத்தெட்டாம் அகவையில் முதற் காமிராவைக் கையேற்று, முதற்படத்தைத் தம் கையாலேயே அழித்துவிட்டு, பின்னர் உலகம் போற்றும் படங்களை ஆக்கிய ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் என்பார், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்; தாயார் பிரெஞ்சுக் குடிவழியினர். இளமைக் கல்வியிற் பெரும்பகுதி பிரான்சு நாட்டிலே நிகழ்ந்தது. பின்னர் அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்த காலத்து இருவருடைய நட்பைப் பெற்றார். ஒருவர் வானநூற் பேரறிஞர் ஸர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்டநூல் வல்லுநர் சார்லஸ் ஹே கமரன். சட்ட வல்லுநரை அம்மையார் 1838இல் கல்கத்தாவில் மணந்தார். இலங்கை வரலாறு பயில்வோர் அறிந்த கோல்புரூக்–கமரன் சீர்திருத்தங்களிற் பெயர் பொறிக்கப்பட்ட கமரன் இவரே. ஹெர்ஷலோ வாழ்நாள் முழுதும் அம்மையார்க்கு ஆசான் போன்ற நண்பராய் விளங்கினார். வெள்ளி உப்புக்களைக் கரைக்கும் ‘ஹைப்போ’வின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவர் அவர். ஒளியால் எழுந்த படம் மீண்டும் ஒளிபட்டு அழியாமல் நிலைபெறுதற்கு அக்கண்டுபிடிப்பே வழிசெய்தது. புகைப்படக்கலை தோன்றிய புதிதில், கல்கத்தாவிலிருந்த அம்மையார்க்கு அவர் படங்கள் சிலவற்றை அனுப்பிவைத்தார். அன்று விழுந்த வித்து முளைத்தற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

கமரன் குடும்பத்தார் 1848இல் இங்கிலாந்திற் குடியேறினர். 1860இல் வைட் தீவிலுள்ள பிரஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், கவிஞர் டெனிசனின் இல்லத்திற்கு அண்மையில் வீடு கொண்டனர். இலங்கையில் தமக்கிருந்த தோட்டத்தின் பெயரைத் தழுவி அவ்வீட்டிற்கு ‘டிம்போலா’ எனப் பெயரிட்டனர். 1863ஆம் ஆண்டின் இறுதியிற் கணவர் காப்பித் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். புதல்வரும் பிரிந்திருந்தனர். தனிமையில் வாடிய தாயாரின் பொழுதுபோக்கிற்காக மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அது கையில் ஏந்தி எடுக்கத்தக்க சிறு கருவி அன்று. கண்ணாடித் தகட்டிற் படம் பதிக்கும் பெரிய மரப்பெட்டி.

அக்காலத்து முறை எத்துணைக் கடியது என்பதை நாம் அறிதல் வேண்டும். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்னும் பசைநீரைச் சமமாகப் பரப்பி, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தல் வேண்டும். ஈரம் உலருமுன் தகட்டைக் காமிராவிற் செருகிப் படமெடுத்து, உடனே மீண்டும் இருட்டறைக்கு ஓடி, மருந்துநீர் ஊற்றிப் படத்தை வெளிப்படுத்தி, நிலைபெறச் செய்து, கழுவி, மெருகெண்ணெய் பூசுதல் வேண்டும். அதன்பின் தாளில் வைத்து வெயிலிற் படியெடுத்தல் வேண்டும். அம்மையார் தம் வீட்டு நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைக் கோழிகளை அகற்றிப் படச்சாலையாக மாற்றினார். வெள்ளி உப்பு கைகளையும் ஆடைகளையும் கறைப்படுத்தியது. அவர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர்.

பெட்டியை எங்கே நிறுத்துவது, எதிரில் இருப்பவரை எவ்வாறு துலக்கமாகக் காண்பது என்பன ஒன்றும் அவர்க்குத் தொடக்கத்தில் தெரியா. அவ்வூர் உழவர் ஒருவர்க்குக் கூலி கொடுத்து அமர்த்திப் பலமுறை முயன்று, முடிவில் ஒரு படத்தைப் பெற்றார். மகிழ்ச்சி மிகுதியால் தகட்டின் பசைப்பக்கத்தைக் கையால் தேய்த்துவிடவே, முதற்படம் மறைந்தொழிந்தது! நம்மிற் பலர் அன்றே பெட்டியை மூடியிருப்போம். அம்மையாரோ அடுத்த தகட்டை எடுத்தார். 1864 ஜனவரித் திங்களில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் முகத்தைப் பதித்தார். படம் நன்கு அமைந்தது. அன்றே படியெடுத்துச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையார்க்கு அதனை வழங்கினார். அதனையே தம் முதல் வெற்றி என்று அம்மையார் குறித்துவைத்தார். பரிசு கைக்கு வந்து இரண்டு திங்களும் நிரம்பவில்லை என்பது நோக்கத்தக்கது.

இனி, அவர்மீது எழுந்த பெரும் பழியைக் கூறுவாம். அவர்தம் படங்களில் முகம் மென்மையாக மங்கித் தோன்றும். பெரிய தகட்டில் அண்மையிலிருந்து முகத்தைப் பதிக்குங்கால் கண் துலங்கினாற் செவி மங்கும். இன்றைய காமிராவிலும் வில்லையின் துளையை அகலத் திறப்பின் இந்நிலை உண்டாதலைக் காணலாம். மேலும், படத்திற்கு இருப்பவர் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. மூச்சின் சிற்றசைவும் தகட்டிற் பதிந்தது. இம்மங்கல் முதலிற் கைத்தவறாக நேர்ந்ததே. ஆயினும், வில்லையை நகர்த்துங்கால் அழகு தோன்றிய இடத்திலேயே அவர் நிறுத்திக்கொண்டார். கூரிய துலக்கம் வேண்டி அதனைக் கடந்து செல்லவில்லை. பிழையாய்ப் பிறந்ததைத் தேர்ந்து, தம் முறையாகக் கொண்டார். லண்டன் புகைப்படச் சங்கத்தைச் சார்ந்த வல்லுநர் பலர் இதனைக் கல்லாமை என்று இகழ்ந்தனர். ஓவியரும் கவிஞரும் போற்றினர். தென் கென்சிங்டன் காட்சிச்சாலை 1865இல் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. 1868இற் படமெடுத்தற்கென இரண்டு அறைகளையும் அவர்க்கு அளித்தது.

அவர்தம் குறைகள் யாவும் குணங்களே என்று கூற யாம் முன்வரவில்லை. கைரேகையும் தூசியும் கீறலும் படிந்த தகடுகள் பல உள. 1869இல் மேற்பூச்சு வெடித்து அருமையான தகடுகள் 45 பாழாயினவென அவரே வருந்தினார். காரணம் அறியச் சங்கத்தாரை நாடி உசாவினார். தம்மை இகழ்ந்தோரிடத்தும் சென்று கற்றுக்கொள்ள நாணாமை அவரது பெருமையாம்.

டெனிசன், கார்லைல், டார்வின் முதலிய பெருமக்கள் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். 1867இல் முதுமையுற்ற ஹெர்ஷலின் வெண்தலையைக் கழுவி உலர்த்திக் கலைத்துவிட்டு எடுத்த படம் மிகப் புகழ்பெற்றது. வீட்டுப் பணிப்பெண்களையும் அவர் விட்டாரல்லர். மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண் பல படங்களில் ஆண்டவரின் அன்னையாகத் தோன்றுகின்றாள். இரந்துண்ட தாயொருத்தியின் மகளாகிய மேரி ரையனை அம்மையார் தம் இல்லத்தே வளர்த்தார். படக் கண்காட்சி வாயிலாக அவளை அறிந்து விரும்பிய ஹென்றி காட்டன் 1867இல் அவளை மணந்தார். நம் கும்பகோணத்திற் பிறந்தவரும், 1904இல் இந்திய தேசிய காங்கிரசிற்குத் தலைமை தாங்கியவரும் இக்காட்டனே ஆவர்.

1869 முதல் இலங்கைக் காப்பிச் செடிகளை இலைநோய் பற்றி அழித்தது. குடும்பத்தின் செல்வமும் தேய்ந்தது. 1875இல் அம்மையாரும் கணவரும் இலங்கைக்கே சென்று குடியிருந்தனர். களுத்துறையிலும் தோட்டங்களிலும் எளிய மக்களை அவர் படமெடுத்தார். அவற்றுள் ஏறக்குறைய முப்பதே எஞ்சியுள்ளன. அந்நாளிற் காப்பித் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டினின்றும் சென்றவர். அறிஞர்க்குக் காட்டிய அதே பொறுமையோடு எளியோர் முகத்தையும் அம்மையார் நோக்கினார். எனினும், பிரஷ்வாட்டர்ப் பணிப்பெண்ணின் பெயரை நாம் அறிகின்றோம். இலங்கைப் படங்களில் நம்மை நோக்கி நிற்பாருள் மிகப் பலருடைய பெயரை அறியோம். முகத்தை நிலைநிறுத்திய கலை பெயரை நிலைநிறுத்தாது போயிற்றே என்னும் வருத்தம் அவற்றைக் காணுந்தோறும் எம் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை.

1879 ஜனவரித் திங்கள் 26ஆம் நாள் அம்மையார் இலங்கை மலைநாட்டில் இறைவனடி சேர்ந்தார். பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயத்து முற்றத்தில் அவர் உடல் அடக்கஞ்செய்யப் பெற்றது. மறு ஆண்டில் இறந்த கணவரும் அவரருகே துயில்கின்றார்.

மாணவத் தோழர்காள்! அம்மையார் படமெடுத்த காலம் பன்னீராண்டுகளிற் சிறிதே மிகும். அதற்குள் ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களை ஆக்கினார். அவர்க்கு ஒவ்வொரு பிழையும் ஒரு தகட்டையும் ஒரு பகற்பொழுதையும் கவர்ந்தது. நமக்கோ பிழைபட்ட படத்தை நீக்க ஒரு விரலசைவே போதும். ஆதலின் பெட்டியைத் திறவுங்கள். அண்மையில் உள்ளார் முகத்தை அன்போடு நோக்கித் தொடங்குங்கள். படமெடுத்தபின் அவர் பெயரையும் மறவாது எழுதிவையுங்கள்.