பத்து சென்ட்டில் தொடங்கிய பங்கு வங்கி



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லத்தின் வாசலில் பெற்றோர் காத்து நிற்பது நமக்குப் பழகிப்போன காட்சி. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கையில் பணமில்லை. வட்டிக்கு வாங்கவும் பயம். நம்மால் இயன்றதைக் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த ஜூனில் அதே தாய், அதே வாசலில், இன்னும் சற்றுத் தலைகுனிந்து நிற்கிறார். நாம் செய்தது நல்ல உதவிதான். ஆனால் அது ஓராண்டைத் தாண்டவில்லை. இதற்கு வழி என்ன என்று சிந்திக்கும்போது, கனடா நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு பொதுநிலையினரின் வாழ்க்கை நமக்கு வெளிச்சம் தருகிறது. அவர் பெயர் அல்போன்ஸ் தேஜார்தேன்.

1854-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், கியூபெக் மாநிலத்தில் புனித லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள லெவி என்ற ஊரில் அவர் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் எட்டாமவர். தந்தைக்கு நிலையான வேலை இல்லை. தாய் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து அடுப்பெரித்தார். அவ்வூர்க் கல்லூரியில் வணிகப் பாடங்களை முடித்த அல்போன்ஸ், உயர்கல்விக்கு வாயிலான இலத்தீன் வகுப்பில் ஓராண்டு மட்டுமே படித்தார். 1870-இல் பதினைந்து வயதில் அவரது பள்ளி வாழ்வு முடிந்தது. வறுமை வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பத்திரிகையாளராக வேலை செய்தார். 1879-இல் டோரிமேன் என்ற பெண்ணை மணந்தார். பல ஆண்டுகள் மாநிலச் சட்டமன்ற விவாதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அரசு உதவித்தொகை நின்றதும் அந்த வேலை போயிற்று. 1891-இல் சொந்தமாக ஒரு நாளேடு தொடங்கினார். அது சில மாதங்களிலேயே நின்றுபோனது. சொந்தத் தொழிலில் தோற்ற வலியையும் அவர் அறிந்திருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1892-இல் ஒட்டாவா நகரில் உள்ள கனடா நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு மொழிச் சுருக்கெழுத்தாளராக வேலை கிடைத்தது.

அங்கேதான் அவரது அழைத்தல் காத்திருந்தது. 1897 ஏப்ரலில், கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஓர் உறுப்பினர் அவையில் பேசினார். 150 டாலர் கடன் வாங்கிய மொன்றியால் நகரத்து மனிதர் ஒருவர், வட்டியாக 5,000 டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பான கதையை எடுத்துச் சொன்னார். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அல்போன்சுக்கோ அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பெரிய வங்கிகள் ஏழையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏறெடுத்துப் பார்ப்பவனோ இரத்தத்தை உறிஞ்சுகிறான். இடையில் வேறு வழியே இல்லையா?

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் தேடினார். ஜெர்மனியில் ரைப்பைசன், இத்தாலியில் லுசாட்டி ஆகியோர் தொடங்கிய மக்கள் வங்கிகளைப் பற்றிப் படித்தார். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்குக் கடிதங்கள் எழுதி விவரம் கேட்டார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட, தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலும் அவருக்கு ஊக்கம் தந்தது. இறுதியில் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், லெவி ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கூட்டி மக்கள் வங்கியைத் தொடங்கினார். 1901 ஜனவரி 23-இல் பணம் வாங்கத் தொடங்கியபோது, முதலில் வந்த தொகை பத்து சென்ட். அன்று மாலை வரை சேர்ந்தது மொத்தம் 26 டாலர் 40 சென்ட். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவன் நம் நினைவுக்கு வருகிறான் அல்லவா?

அந்த வங்கியின் விதிகள் எளியவை. ஒரு பங்கின் விலை 5 டாலர். அதை வாரம் பத்து சென்ட் வீதம் கட்டலாம். பணம் எவ்வளவு போட்டிருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்குதான். பங்கின் எல்லைக்குள் வாழ்பவர்களுக்கு மட்டுமே உறுப்புரிமை. உறுப்பினருக்கு மட்டுமே கடன். எதற்காகக் கடன் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. கேட்பவர் நேர்மையானவரா, உழைப்பாளியா என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும். சொத்தைவிட அந்த நற்பெயரே ஈடாக இருந்தது. மேலும் கடனாகத் தரப்பட்ட பணம் எங்கிருந்தோ வந்த தருமப் பணம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் சேமிப்பு. அதனால் வாங்கியவர் திருப்பிக் கட்டினார். பிள்ளைகளும் சிறு வயதிலேயே சேமிக்கப் பழக வேண்டும் என்று பள்ளிச் சேமிப்பையும் அல்போன்ஸ் ஊக்குவித்தார்.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒருவர் டோரிமேன். நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் கணவர் ஒட்டாவாவில் இருப்பார். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய்தான், வீட்டு வேலைகளுக்கிடையே வங்கிக் கணக்கையும் பார்த்தார். அப்போது இத்தகைய வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வங்கி நொடித்தால் அவர்களது சொந்த வீடும் பொருளும் போகும். அந்த அச்சம் அவரை வாட்டியது. ஆயினும் பேரேட்டை மூடிவைக்கவில்லை. 1906-இல் கியூபெக் சட்டமன்றம் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தை நிறைவேற்றிய பிறகே அக்குடும்பம் நிம்மதியாக மூச்சுவிட்டது.

அதன்பின் அல்போன்ஸ் ஊர் ஊராகச் சென்றார். பங்குத்தந்தையரின் துணையோடு, பங்குக்கு ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் வங்கிகள் எழுந்தன. 1908-இல் அமெரிக்காவின் மான்செஸ்டர் நகரில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த புனித மரியா பங்கிலும் ஒன்றைத் தொடங்க உதவினார். அந்நாட்டின் முதல் கடன் சங்கம் அதுவே. பின்னர் நோய் அவரை வீட்டோடு முடக்கியது. 1920 அக்டோபர் 31-இல் லெவியிலேயே இறைவனடி சேர்ந்தார். டோரிமேன் 1932 வரை வாழ்ந்து அப்பணிக்கு வழிகாட்டினார். அன்று பத்து சென்ட்டில் தொடங்கியது, இன்று வட அமெரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதி அமைப்புகளுள் ஒன்றாக நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, இந்த வாழ்க்கை நம்மிடம் கேட்பது என்ன? கட்டணம் கேட்டு வரும் தாயிடம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டு நாம் நிறுத்திவிடுகிறோம். அம்மா, உங்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாமே. ஒரு தையல் இயந்திரம், இட்லிக் கடைக்கு ஒரு கிரைண்டர், ஒரு கறவை மாடு என்று தொடங்கினால், வரும் ஆண்டுகளின் கட்டணத்தை அவரே தலைநிமிர்ந்து கட்டும் நாள் வரலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, எல்லாராலும் தொழில் செய்ய இயலாது. நோயாளிக்கும் முதியவருக்கும் கடனல்ல, உதவியே தர வேண்டும். தொழிலில் வருமானம் வரும்வரை பிள்ளையின் படிப்பும் காத்திருக்க முடியாது. இந்த ஆண்டுக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். இரண்டாவது, வாரத் தவணைக் கடன்கள் பலவற்றில் ஏற்கெனவே சிக்கியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு கடன் இன்னொரு சுருக்குக் கயிறு. கொடுப்பதற்கு முன் வீட்டுக்குச் சென்று, அமர்ந்து, கணக்குக் கேட்கும் பொறுமை வேண்டும். அல்போன்சின் வங்கி நிலைத்தது அந்தப் பொறுமையால்தான்.

நம் அன்பியங்களில் ஒருவர் வீட்டு நிலைமை மற்றவருக்குத் தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடுகளைச் சந்திக்கிறார்கள். மகளிர் குழுக்களுக்குச் சேமிக்கத் தெரியும். இம்மூன்றும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால் போதும். இந்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் நம் அன்பியத்தில் ஒரேயொரு குடும்பத்தைப் பற்றியாவது பேசத் தொடங்குவோம். அடுத்த ஜூனில் அந்தத் தாய் நம் வாசலுக்கு வரட்டும்; உதவி கேட்க அல்ல, இன்னொரு குடும்பத்திற்காகத் தம் பத்து ரூபாயைக் கொடுக்க. அதற்கான அருளை இறைவனிடம் மன்றாடுவோம்.