தாமஸ் பெக்கெட்

தாமஸ் பெக்கெட் (ஏறத்தாழ 1120 – டிசம்பர் 29, 1170) இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராக 1162 முதல் இறக்கும் வரை பணியாற்றியவர் ஆவார். மன்னர் இரண்டாம் ஹென்றியுடன் ஏற்பட்ட பிணக்கின் விளைவாகத் தமது பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபையும் ஆங்கிலிக்கத் திருச்சபையும் இவரைப் புனிதராகவும் மறைசாட்சியாகவும் போற்றுகின்றன. இவரது திருப்பண்டங்களை, அதாவது எலும்பு, உடை முதலிய எச்சங்களை, வைப்பதற்காகச் செய்யப்பட்ட பேழைகள் இடைக்காலக் கலையில் புகழ்பெற்றவை.

இளமையும் பதவிகளும்

லண்டனின் சீப்சைடு பகுதியில் நார்மானிய வணிகக் குடும்பத்தில் பிறந்தார். கேன்டர்பரி பேராயர் தியோபால்டிடம் பணியில் சேர்ந்து, அவரால் சட்டம் பயில இத்தாலியின் பொலோனாவுக்கு அனுப்பப்பட்டார். 1155 ஆம் ஆண்டில் மன்னர் இவரைத் தமது சான்சலராக்கினார். இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். தியோபால்டு இறந்தபின், நண்பர் பேராயரானால் திருச்சபை தம் கைக்குள் வரும் என எண்ணிய மன்னர், 1162 இல் பெக்கெட்டை அப்பதவியில் அமர்த்தினார். ஆனால் பெக்கெட் சான்சலர் பதவியைத் துறந்து, திருச்சபையின் உரிமைகளுக்காக மன்னரை எதிர்க்கலானார்.

மன்னருடன் பிணக்கு

குற்றம் புரிந்த குருக்களை அக்காலத்தில் திருச்சபை நீதிமன்றங்களே விசாரித்தன. அங்கு மரண தண்டனை கிடையாது. அவர்களை அரச நீதிமன்றமும் தண்டிக்க வேண்டும் என்பது மன்னரின் நிலைப்பாடு. இதனை உள்ளடக்கிய 16 விதிகள் ஜனவரி 1164 இல் கிளாரென்டனில் முன்வைக்கப்பட்டன. பெக்கெட் முதலில் இணங்கிப் பின்னர் மறுத்தார். அவ்வாண்டின் இறுதியில் பிரான்சுக்குத் தப்பிச் சென்று ஆறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார்.

1170 இல் இளவரசருக்கு யார்க் பேராயர் முடிசூட்டினார். முடிசூட்டும் உரிமை கேன்டர்பரி பேராயருக்கு உரியது. மன்னருடன் சமரசமாகி டிசம்பரில் நாடு திரும்பிய பெக்கெட், இதில் பங்கேற்ற ஆயர்கள் மீதான தண்டனையை நீக்க மறுத்தார். மன்னரின் சினத்தை ஆணையாகக் கொண்ட நான்கு வீரர்கள் டிசம்பர் 29 அன்று பேராலயத்தினுள் இவரை வாளால் வெட்டிக் கொன்றனர்.

திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் 1173 இல் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1174 இல் மன்னர் வெறுங்காலுடன் கல்லறைக்கு நடந்து சென்று, துறவிகளிடம் கசையடி பெற்றுப் பரிகாரம் செய்தார்.

திருப்பண்டப் பேழைகள்

1220 இல் இவரது எலும்புகள் பேராலயத்தின் திரித்துவச் சிற்றாலயத்தில் பொன்னும் மணிகளும் பதித்த பீடத்திற்கு மாற்றப்பட்டன. இதனிடையே பிரான்சின் லிமோஜ் நகரக் கைவினைஞர்கள் இவருக்கெனப் பல சிறு பேழைகளைச் செய்தனர். செப்புத் தகட்டில் குழி செதுக்கி, வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் உருக்கி, மெருகேற்றிப் பொன்முலாம் பூசுவது அவர்களது முறை. இவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பேழை 1180களைச் சேர்ந்தது. ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் வீடு போன்ற வடிவமும் கொண்டது. இதன் முன்பக்கத்தில் கொலைக் காட்சியும், கூரைப் பகுதியில் அடக்கமும், ஆன்மா விண்ணேறுவதும் தீட்டப்பட்டுள்ளன.

அழிவும் நினைவும்

1538 இல் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி கேன்டர்பரி பீடம் இடிக்கப்பட்டது. அதன் பொன்னும் மணிகளும் அரச கருவூலத்தைச் சேர்ந்தன. பெக்கெட்டைப் புனிதர் என அழைப்பது தடைசெய்யப்பட்டு, வழிபாட்டு நூல்களிலிருந்து இவரது பெயரும் நீக்கப்பட்டது. எனினும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சென்றிருந்த பேழைகளை அந்த ஆணை எட்டவில்லை. அரசர் அழிக்க முயன்ற வரலாறு அவற்றின் செப்புத் தகடுகளில் காட்சியாக நிலைத்திருக்கிறது. ஹங்கேரியின் எஸ்டெர்கோமில் காக்கப்பட்டுவந்த எலும்புத் துண்டு ஒன்று 2016 இல் சில நாட்களுக்கு இங்கிலாந்து கொண்டுவரப்பட்டது. பீடம் இருந்த இடத்தில் இப்போது ஒரேயொரு மெழுகுவர்த்தி எரிகிறது. இவரது திருநாள் டிசம்பர் 29 ஆகும்.