தேவேந்திரநாதர் தேடிய ஆனந்தம்

சென்ற மார்கழியில் ஊரிலே பாட்டி காலமானாள். பரீட்சை நடுவில் இருந்தபடியால் நான் போக முடியவில்லை. காசியில்தானே இருக்கிறாய், கங்கைக்கரையில் அவளுக்காகச் சற்று நேரம் பிரார்த்தனை செய் என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். அன்று மாலை கேதார கட்டத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் அரிச்சந்திர கட்டத்தில் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. பாட்டி சொல்லிக்கொடுத்த தோத்திரங்கள் நாவில் ஓடின. மனமோ மறுநாள் கேள்வித்தாளில் நின்றது. நன்றாகப் பிரார்த்தித்தேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் நூலகத்தில் தேவேந்திரநாத தாகூரின் சுயசரிதை கைக்குக் கிடைத்தது. கவி ரவீந்திரரின் தந்தை என்ற அளவில் மட்டுமே நான் அவரை அறிந்திருந்தேன். அவருடைய கதையும் ஒரு பாட்டியின் மரணத்தில் தொடங்குகிறது.

1817-ல் கல்கத்தாவில் பிறந்தவர் அவர். தந்தை துவாரகாநாதர் பெருஞ்செல்வர். பிள்ளையை வளர்த்தவர் பக்தியே உருவான பாட்டியார். 1835-ல் அவ்வம்மையாரின் அந்திமக் காலத்தில், அந்நாளைய வழக்கப்படி, கங்கைக்கரைக் கொட்டகை ஒன்றில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மூன்று இரவு உயிர் இருந்தது. கடைசி நாளுக்கு முந்திய இரவு, நிலவொளியில், சுடுகாட்டுக்கு அருகே ஒரு பாயின்மேல் பேரர் உட்கார்ந்திருந்தார். நாமசங்கீர்த்தனம் காற்றில் வந்தது. திடீரென்று செல்வத்தில் வெறுப்பும், காரணம் தெரியாத பேரானந்தமும் அவரை ஆட்கொண்டன. அப்போது வயது பதினெட்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியது இதற்கு அடுத்த பகுதி. அந்த ஆனந்தம் தங்கவில்லை. அவர் தேடித் தேடி அழைத்தார், வரவில்லை. நடுப்பகல் வெயில்கூட அவருக்குக் கறுத்துத் தெரிந்ததாம். மேனாட்டுத் தத்துவ நூல்களைப் புரட்டினார், ஆறுதல் இல்லை. ஒருநாள் வடமொழி ஏடு ஒன்று கிழிந்து காற்றில் பறந்து போவதைக் கண்டு எடுத்தார். பொருள் விளங்கவில்லை. பிரம்ம சமாஜத்துப் பண்டிதர் ராமசந்திர வித்யாவாகீசர், அது ஈசாவாஸ்ய உபநிஷதம் என்று கூறி விளக்கினார். அங்கே அவருக்கு வழி திறந்தது. 1839-ல் தத்துவபோதினி சபையை நிறுவினார். 1843-ல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார்.

வேதங்களில் உள்ளதை முழுவதும் அறிய வேண்டுமென்று நான்கு மாணவர்களை இந்தக் காசிக்கு அனுப்பினார். 1847-ல் தாமே வந்தும் பார்த்தார். ஆராய்ந்த பின், வேதம் முழுவதும் பிழையற்றது என்ற கொள்கையைச் சமாஜம் கைவிட்டது. தாம் நின்றுகொண்டிருந்த பலகையைத் தாமே உருவுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

தந்தை 1846-ல் லண்டனில் இறந்தபோது, சிராத்தத்தை விக்கிரக வழிபாடின்றிச் செய்ய முனைந்து உற்றாரின் பகையைத் தேடிக்கொண்டார். 1848-ல் குடும்ப வியாபாரம் முறிந்தது. கடன் ஏறக்குறைய ஒரு கோடி. கடன்காரர் தொட முடியாதபடி தந்தை தனியே எழுதிவைத்த சொத்தையும் அவர்கள் முன்னே வைத்தார். பிறகு பல ஆண்டுகள் சிறுகச் சிறுக அடைத்தார். அவருடைய உபதேசங்களைக் காட்டிலும் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1857-ல் சிம்லா மலையில் தனிமை நாடித் தங்கினார். துள்ளிச் சமவெளிக்கு இறங்கும் ஓர் ஆற்றைப் பார்த்தபோது, நீயும் இறங்கிப் போ என்று உள்ளே கட்டளை பிறந்ததாம். 1858-ல் கல்கத்தா திரும்பினார். 1863-ல் ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் அவர் தியானிக்கத் தேர்ந்த பொட்டல் வெளிதான் பின்னாளில் சாந்திநிகேதன் ஆயிற்று.

குறையில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். பூணூலையும் சாதியையும் அறவே ஒழிக்கத் துடித்த கேசவசந்திர சேனருடன் அவரால் ஒத்துப்போக முடியவில்லை. 1866-ல் சமாஜம் பிளந்தது. ஏட்டின் அதிகாரத்தை உதறியவர் நூலின் அதிகாரத்தை உதறத் தயங்கியது ஏனோ! 1873-ல் மகன் ரவீந்திரருக்கும் உபநயனம் செய்துவைத்தார். அதே ஆண்டில் அவரை இமயத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் அமிர்தசரஸ் பொற்கோயிலில் சீக்கியரோடு அமர்ந்து தாமும் பாடுவாராம். 1905 ஜனவரி 19-ல், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் பாட்டியின் ஜபமாலையை எடுத்துவந்து கொடுத்தாள். கேதார கட்டத்துக்கு இப்போதும் போகிறேன். சில நாள் ஏதோ தோன்றுகிறது. பல நாள் இல்லை.