மலபாரி: கணக்கில் வராத குற்றத்தை எழுதியவர்

எலவனாசூர்கோட்டையில் மாணவர்களோடு சட்டம் குறித்துப் பேசும்போது, பாலியல் குற்றங்கள் பெருகிவிட்டனவா, செய்திகள்தாம் பெருகிவிட்டனவா என்ற கேள்வி தவறாமல் எழும். விடையாக நான் சொல்வது பெஹ்ராம்ஜி மலபாரியின் வாழ்க்கையை.

1853-இல் பரோடாவில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். மலபார்க் கரையோடு சந்தன வணிகம் செய்தவர் தத்தெடுத்ததால் இப்பெயர் பெற்றார். பம்பாய்க்கு வந்து, 1880 முதல் ‘இந்தியன் ஸ்பெக்டேட்டர்’ இதழை நடத்தினார். குழந்தைத் திருமணத்தையும் கட்டாய விதவை வாழ்வையும் கண்டித்து 1884-இல் அவர் வெளியிட்ட குறிப்புகள் நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பின.

அன்றைய தண்டனைச் சட்டத்தின்படி, பத்து வயது நிறைந்த மனைவியிடம் கணவன் நிகழ்த்தும் வன்புணர்வு, வன்புணர்வு ஆகாது. கல்கத்தாவில் ஃபுல்மோனி என்ற சிறுமி, முப்பது வயது கடந்த கணவனின் செயலால் உயிரிழந்தாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்ததால், அசட்டையால் கொடுங்காயம் விளைவித்தான் என்று மட்டுமே அவனுக்கு ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. வன்புணர்வுக் கணக்கில் அச்சாவுக்கு இடமில்லை.

மலபாரி 1890-இல் இங்கிலாந்து சென்று ஆதரவு திரட்டினார். திலகர் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1891 மார்ச்சில் வயது வரம்பு பன்னிரண்டாக உயர்ந்தது. அதுவரை குற்றமெனப் பதியப்படாத கொடுமை, அன்றுமுதல் குற்றமானது. 1908-இல் தயாராம் கிதுமலோடு சேவா சதனை நிறுவிய மலபாரி, 1912-இல் சிம்லாவில் காலமானார்.

அவர் எழுப்பிய விவாதத்தின் மையம் மேல்சாதி இந்துக் குடும்பமே. பண்ணைகளில் தலித் பெண்கள்மீது நிகழ்ந்த வன்முறை அதில் இடம்பெறவில்லை.

இன்றும் பதினெட்டு வயது நிறைந்த மனைவிமீது கணவன் நிகழ்த்தும் வன்புணர்வு, சட்டத்தில் வன்புணர்வு அன்று. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், கடுமையான தண்டனைக்குரிய ஒன்றையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுகிறது. வன்புணர்ந்து கொல்லப்பட்டவள் கொலைக் கணக்கில் சேர்கிறாள். 2016 சனவரியில் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என மெய்ப்பிக்க முடியாத வழக்குகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கடும் பிரிவு நிலைக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் சாதியைக் குற்றவாளி அறிந்திருந்தாலே இப்போது போதும்.

ஆகவே தோழர்களே, ஆண்டறிக்கையின் எண்ணைப் பார்க்குமுன் முதல் தகவல் அறிக்கையின் பிரிவுகளைப் பாருங்கள். அங்கே விடுபட்ட பிரிவு, எந்த அட்டவணையிலும் ஏறாது.