வெலிங்டன் தீவை எழுப்பிய பிரிஸ்டோ துரை

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் இரண்டு பாலங்களைத் தாண்டுகிறார்கள். நடுவே கிடக்கும் வெலிங்டன் தீவில் இறங்கி வேலைக்குப் போகிற தமிழர்கள் பலர். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வெண்டுருத்தி என்ற சிறு தீவும், அதைச் சுற்றிக் காயல் நீரும்தான் இருந்தன. அந்த நீரில் நிலம் எழுப்பியவர் சர் ராபர்ட் பிரிஸ்டோ.

1880இல் லண்டனில் பிறந்தவர். துறைமுகப் பொறியியல் அவர் தொழில். சென்னை கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபு அனுப்பிவைக்க, 1920 ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரைப் பிறப்பை ஒட்டி, கொச்சியில் வந்து இறங்கினார்.

கொச்சியின் குறை ஊரறிந்தது. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் உண்டானதாகச் சொல்லப்படும் அழிமுகம் அகலமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வாயில் பாறை போல் இறுகிய மணல் திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கைத் தோணிகளில் ஏற்றி இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் நடவாது. தோணிக்காரருக்கும் சுமைகூலிக்கும் அடுப்பெரியாத மாதங்கள் அவை.

திட்டை வெட்டினால் வைப்பீன் கரையைக் கடல் தின்றுவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. பிரிஸ்டோ அவசரப்படவில்லை. காற்று, அலை, நீரோட்டம் மூன்றையும் கணக்கெடுத்தார். கரையைக் காக்கக் கருங்கல் தடுப்புகள் போடவைத்தார். இதைவிடக் கடினமான வேலை இன்னொன்று இருந்தது: மத்திய அரசு, சென்னை அரசு, கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் ஆகிய நான்கு பேரையும் செலவுக்கும் வருமானத்துக்கும் ஒப்புக்கொள்ள வைப்பது. கடலை அடக்குவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

1926இல் 'லார்டு வெலிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் வந்து சேர்ந்தது. திட்டை வெட்டிக் கப்பல் பாதை அமைத்தார்கள். வாரிய மண்ணை வீணாக்காமல் வெண்டுருத்தியை ஒட்டிக் கொட்டினார்கள். சுமார் 780 ஏக்கர் புது நிலம் எழுந்தது. 1928 மே 26ஆம் தேதி 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிறகு ரயிலும் சாலையும் பாலமேறித் தீவுக்கே வந்தன. வாகன் வாசலில் சரக்கும், பத்தடியில் கப்பலும் என்றாயிற்று.

இதன் பலன் கேரளத்துக்கு மட்டுமல்ல. கோயம்புத்தூர் ஆலைகளுக்குக் கொச்சி பக்கத்துத் துறைமுகம். மூணாறு தேயிலை முன்பெல்லாம் மலையிலிருந்து கம்பி வழியாக இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடிக்குப் போயிற்று. 1924 வெள்ளம் அங்கிருந்த ரயில் பாதையை அழித்த பின், அது மேற்கே திரும்பிக் கொச்சிக்கு வந்தது. அதைக் கிள்ளிய விரல்களில் பெரும்பாலானவை தமிழ் விரல்கள்.

வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலம் அது. பிரிஸ்டோவும் மனைவி கெர்ட்ரூடும் 1931இல் எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப்பைத் தொடங்கி, நிறபேதம் பாராமல் உறுப்பினர் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் அதிகாரிகளும் வக்கீல்களும் வியாபாரிகளுமே.

மூட்டை தூக்கியவன் நிலை வேறு. மட்டாஞ்சேரியில் காலையில் கூலிக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். சாப்பா என்பார்கள். முட்டிமோதிப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். துறைமுகம் வளர்ந்தும் இந்த அவலம் வளர்ந்ததே தவிர மாயவில்லை. 1953இல் தொழிலாளர் எதிர்த்துக் கிளம்பினார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அதன் பிறகும் சில ஆண்டுகள் கழித்துத்தான் சாப்பா ஒழிந்தது.

பிரிஸ்டோ அப்போது இங்கில்லை. 1941 ஏப்ரல் 13ஆம் தேதி, வந்த அதே நாளில், 21 ஆண்டுகள் முடித்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். 1959இல் கொச்சி நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1966இல் இங்கிலாந்தில் காலமானார். 2011இல் வல்லார்பாடத்தில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்ததும், தீவில் கன்டெய்னர் ஏற்றியிறக்கிய வேலை காயலைத் தாண்டிப் போய்விட்டது.