கல்லூரிக்குப் போன ஹெலன் கெல்லர்

ஹெலன் கெல்லர் பெயரை ஸ்கூலிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். 1880-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் கண்பார்வையும் போச்சு, காதும் போச்சு. 1887-ல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்து, உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

கண் தெரிந்த, காது கேட்கிற பெண்களோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று ஹெலனுக்கு ஒரே பிடிவாதம். 1896-ல் அதற்கான ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். 1900-ல் ராட்கிளிஃப் கல்லூரி.

சீட் கொடுத்துவிட்டால் போதுமா? லெக்சரர் பேசப் பேச, பக்கத்தில் இருந்த சல்லிவன் அதை ஹெலனின் கையில் எழுத்துக்கூட்டிக்கொண்டே வருவார். கையே காதாகிவிட்டால் நோட்ஸ் எடுக்க ஏது கை? வீட்டுக்குப் போய்த்தான் ஞாபகத்தில் நின்றதை எழுதி வைப்பார். பிரெய்லில் கிடைத்த பாடப் புத்தகங்களோ கொஞ்சம். மீதியைச் சல்லிவன்தான் படித்துக் கையில் சொல்ல வேண்டும். அவருக்கே பார்வை மங்கல்.

கணக்குதான் ரொம்பக் கஷ்டம் (நமக்கு மட்டும் என்னவாம்!). போர்டில் போடும் ஜியோமெட்ரி படம் தெரியாதே. குஷன் மேல் நேர்க்கம்பியும் வளைந்த கம்பியும் வைத்துத் தடவித் தடவிப் படித்தார். 1899 நுழைவுத் தேர்வில் அல்ஜீப்ரா கேள்வித்தாள் அமெரிக்கப் பிரெய்லில். அவர் கணக்குப் போட்டுப் பழகியதோ இங்கிலாந்துப் பிரெய்ல் குறிகளில். இது தெரிந்ததே பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால்! முதல்நாள் ராத்திரி வரை அடைப்புக்குறிக்கும் வர்க்கமூலக் குறிக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. டிராயிங்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பழகியவனுக்கு ஹாலில் தேர்டு ஆங்கிள் வந்த மாதிரி. டைப்ரைட்டரில் அடித்த விடையை அவரால் திரும்பப் படித்துப் பார்க்கவும் முடியாது. பழகிய ஆளைத் துணைக்கு விடவும் இல்லை. அப்படியும் பாஸ் பண்ணினார்.

1904-ல் சிறப்புத் தகுதியோடு பி.ஏ. பட்டம். பார்வையும் செவியும் இல்லாத ஒருவர் பி.ஏ. வாங்கியது அதுவே முதல் தடவை. பிறகு நூல்கள் எழுதினார், உலகமெல்லாம் சுற்றினார், 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1968-ல் மறைந்தார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனாலோ என்னவோ, சல்லிவனைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். பதினாலு வயசில்தான் பள்ளிக்கூடமே போனார். நாலு வருஷமும் ஹெலனோடு வகுப்பில் உட்கார்ந்து அத்தனை பாடத்தையும் கேட்டார். கல்லூரி கொடுத்தது ஒரே ஒரு பட்டம், ஹெலனுக்கு.